பின்னிருக்கையில் இருப்பவருக்கும் சேர்த்து

மோட்டார் சைக்கிள் நிற்காத வாசலை நம் மஹல்லாக்களில் இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கடை திறக்கப் புறப்படுகிறவர், பிள்ளைகளை மதரஸாவில் விட்டுவிட்டு அலுவலகம் ஓடுகிறவர், லுங்கிக் கட்டுகளைப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் சிறு வியாபாரி, கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகும் பெண் பிள்ளை என்று இரண்டு சக்கரங்களின் மீதுதான் நம் குடும்பங்களின் அன்றாட வாழ்வு ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி வாங்கும்போது நாம் காட்டும் அக்கறைக்கும் குறைவில்லை. நிறத்தைப் பார்க்கிறோம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் இன்ஷ்யூரன்ஸ் காகிதம் வந்தவுடன் நம் நாவில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “போலீஸ் பிடிக்காமல் இருக்க, குறைந்தபட்சம் எவ்வளவு கட்டினால் போதும்?”

மாவட்ட நீதிமன்றத்தை அடுத்திருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வாகன விபத்து இழப்பீட்டு மனுக்களைத் தட்டச்சு செய்வதும், பாலிசி நகல்களை வாங்கி அடுக்குவதும், தீர்ப்பு நகலுக்காகக் காத்து நிற்பதுமே என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற பின்னரும் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்தால் யாராவது ஒருவர் ஒரு பாலிசிக் காகிதத்தை நீட்டாமல் இருப்பதில்லை. அந்தக் காகிதங்களைப் படித்துப் படித்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. எந்த அளவுக்குக் காப்பு எடுப்பது என்பதை நாம் வண்டியின் விலையை வைத்துத் தீர்மானிக்கிறோம். வண்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்பதை வைத்தே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

இது வீண் அச்சமூட்டுதல் அன்று. 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கும் சற்று அதிகமானோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. எண்ணிக்கை 64,105.

முதலில் சட்டம் நம்மிடம் கேட்பது எது என்பதைப் பார்ப்போம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146 ஆவது பிரிவில், மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது. முதலாம் நபர் பாலிசி எடுத்தவர். இரண்டாம் நபர் காப்பீட்டு நிறுவனம். இவ்விருவரும் அல்லாத, சாலையில் நம் வண்டியால் அடிபடக்கூடிய எவரும் மூன்றாம் நபர். நடந்து செல்லும் முதியவர், எதிரே சைக்கிளில் வரும் மாணவன், தெருவோரம் தட்டு வைத்து வியாபாரம் செய்யும் மூதாட்டி ஆகியோர் நம்மால் இறந்தாலோ காயமுற்றாலோ, நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டை நிறுவனம் கொடுக்கும். அந்தத் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. பொருட்சேதத்துக்கு மட்டும் இரு சக்கர வாகனத்துக்கு ஒரு லட்ச ரூபாய் என்ற வரம்பு உண்டு. இதற்கான பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஆண்டுக்கு ரூ. 714, அதற்கு மேல் 350 சி.சி. வரை ரூ. 1,366, வரி தனி. இதுவும் இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தத்தின்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அபராதத்தைக் கூடக் கட்டிவிடலாம். அடிபட்டவர் இறந்துபோனால் அந்தக் குடும்பத்துக்கு நீதிமன்றம் விதிக்கும் பல லட்சங்களை வீட்டையும் நிலத்தையும் விற்றுத்தான் கட்ட வேண்டிவரும்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் எழும் ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது. இன்ஷ்யூரன்ஸ் மார்க்கத்தில் கூடுமா என்பதே அது. நான் ஆலிம் அல்லன். ஃபத்வா சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஆயினும் அறிந்ததைச் சொல்லலாம். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டு ஃபிக்ஹ் பேரவை 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடியபோது, நிர்ணயிக்கப்பட்ட பிரீமியத்துடன் கூடிய வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தை ஆகாது என்றும், பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீட்டை ஆகும் என்றும் தீர்மானித்தது. அந்த இரண்டாவது வகைதான் தகாஃபுல். மலேசியா அதற்கென 1984 லேயே தனிச் சட்டம் இயற்றியது. நம்மூரில் பைக்குக்குக் கிடைப்பதோ வணிகக் காப்பீடு. சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு அதை எடுப்பதில் நிர்ப்பந்தம் இருக்கிறது என்று ஆலிம்கள் பலர் இடம் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் செல்வதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

பேணுதலுக்காக ஒருவர் குறைந்தபட்சப் பாலிசியோடு நிறுத்திக்கொண்டால் அவரை நான் மதிக்கிறேன். ஆனால் பேணுதல் என்ற பெயரில் ஐந்நூறு ரூபாயை மிச்சப்படுத்துகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கிவிட்டவர் மீது தியா என்னும் இழப்பீட்டைக் கடமையாக்கிய மார்க்கம் இது. கொடுக்க வேண்டியவருடைய கூட்டத்தார் அதைப் பகிர்ந்து சுமக்கும் ஆகிலா என்னும் முறையும் அன்றே இருந்தது. பிறருடைய உரிமை சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஆலிமிடம் கேள்வி கேட்கும்போது முழுமையாகக் கேளுங்கள். “தேர்ட் பார்ட்டிக்கு மேல் எடுக்கலாமா, ஹஜ்ரத்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால் என் வண்டியில் பின்னால் அமரும் என் மனைவிக்கும் தாய்க்கும் எதுவும் கிடைக்காமல் போகலாமே, அப்போது என்ன செய்வது?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆம், பலருக்கும் தெரியாத விஷயம் அதுதான். பின்னிருக்கையில் இருப்பவரும் மூன்றாம் நபர்தானே என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டுமே எடுக்கப்படும் பாலிசி, இலவசமாக ஏற்றிச் செல்லப்படும் பின்னிருக்கைப் பயணிக்குப் பொருந்தாது என்று 2006 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுக்கப்படும் பேக்கேஜ் பாலிசியின் நிலை வேறு. நம் ஊரில் ‘ஃபுல் இன்ஷ்யூரன்ஸ்’ என்றும் ‘ஃபர்ஸ்ட் பார்ட்டி’ என்றும் சொல்லுகிறார்களே, அதுதான் இது. பேக்கேஜ் பாலிசியில் காரின் பயணிகளுக்கும் இரு சக்கர வாகனத்தின் பின்னிருக்கைப் பயணிக்கும் நிறுவனமே பொறுப்பு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2012 இல் உச்ச நீதிமன்றமும் அந்த வேறுபாட்டை உறுதி செய்தது. ஆகவே இரண்டு பாலிசிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு வண்டியில் விழும் கீறலுக்குப் பணம் கிடைக்குமா என்பது மட்டுமன்று. பின்னால் ஒரு பக்கமாக அமர்ந்து, ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் பையையும் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் காப்பு உண்டா இல்லையா என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

என் சொந்த ராத்தாவின் விஷயத்தையே சொல்லுகிறேன். அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. கண் பரிசோதனைக்காக அவருடைய மகன் தன் பைக்கில் பின்னால் அமர்த்தி அழைத்துச் சென்றான். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று, வண்டி குலுங்கியது, ராத்தா தூக்கி எறியப்பட்டார். தொடை எலும்பு முறிந்து, அறுவை செய்து, தகடு வைத்தார்கள். வேறு எந்த வண்டியும் மோதவில்லை. ஆகவே வேறு எந்த நிறுவனத்திடமும் கேட்பதற்கு இல்லை. மகனுடைய பாலிசியை வாங்கிப் பார்த்தேன். எட்டு ஆண்டுப் பழைய வண்டி என்பதால் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தான். ராத்தாவின் ஆறு பவுன் வளையல்கள் அடகுக்குப் போயின. இன்றும் அவர் கைத்தடியோடுதான் நடக்கிறார். மகனைப் பற்றி ஒரு சொல் குறை சொன்னதில்லை. அவனோ இன்னும் அந்த வழியாகப் போவதில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இளம் சகோதரி வந்தார். கணவரோடு ஸ்கூட்டரில் சென்றபோது புர்காவின் ஓரம் பின் சக்கரத்தில் சிக்கி விழுந்தவர். முழங்கையும் விலா எலும்பும் முறிந்திருந்தன. அவர்களுடையது பேக்கேஜ் பாலிசி. மனு போடலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். முதல் எதிர்மனுதாரர் வண்டி உரிமையாளரான கணவர், இரண்டாம் எதிர்மனுதாரர் நிறுவனம் என்று நான் விளக்கியதும் அந்தப் பெண் எழுந்துவிட்டார். “பிள்ளைகளின் வாப்பா மேலே நான் கேஸ் போடுவதா? ஊர் என்ன சொல்லும்?” என்றார். சட்டத்தில் அவருடைய பெயர் வருவது ஒரு முறைமைக்காகவே, பணம் கொடுப்பது நிறுவனம், கணவர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை என்று அரை மணி நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கணவரே, “போடு, நான்தானே கையெழுத்துப் போடச் சொல்கிறேன்” என்று சிரித்த பிறகுதான் அமர்ந்தார். இழப்பீடு வந்தது. குடும்பமும் நன்றாகவே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சகோதரிகளே, இது பகையும் அன்று, மானக்கேடும் அன்று. பிரீமியம் கட்டியதே இதற்காகத்தான்.

“பழைய வண்டி, விற்றால் இருபதாயிரம் கூடப் பெறாது; இதற்குப் போய் ஃபுல் இன்ஷ்யூரன்ஸா?” என்பதுதான் நான் மிக அதிகமாகக் கேட்ட வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வண்டியின் அறிவிக்கப்பட்ட மதிப்பைப் பொறுத்தது, ஐ.டி.வி. என்று பாலிசியில் அச்சிட்டிருக்கும் தொகை அதுவே. வண்டி பழசாக ஆக அந்த மதிப்பு குறையும். மதிப்புக் குறையும்போது பிரீமியமும் குறையும். 2007 வரை கட்டாயமாக இருந்த பழைய கட்டண விதிப்படி 150 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு மதிப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ரூபாய்தான். 25,000 ரூபாய் மதிப்புள்ள பழைய பைக்குக்கு நானூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். இப்போது நிறுவனங்கள் தாமே விலை வைக்கலாம் என்பதால் கொஞ்சம் கூடலாம், குறையலாம். க்ளெய்ம் இல்லாமல் ஆண்டுகளைக் கழித்தவருக்கு இந்தப் பகுதியில் முதலாண்டு 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாமாண்டு 50 விழுக்காடு வரை தள்ளுபடியும் உண்டு. பழைய வண்டிக்குப் பேக்கேஜ் எடுப்பது வண்டிக்காக அன்று; பின்னிருக்கைக்காக. ஒரு மாதத்துத் தேநீர்ச் செலவுக்கும் குறைவான தொகை அது. மிகப் பழைய வண்டிகளுக்குப் பேக்கேஜ் தருவதற்குச் சில நிறுவனங்கள் தயங்கும். அப்போது பின்னிருக்கைப் பயணிக்கென்று தனியாக விபத்துக் காப்பைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். தொகை சிறிதுதான், கிடைப்பதும் வரம்புக்கு உட்பட்டதுதான். ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

அடுத்து, ஓட்டுகிறவரைப் பற்றி. இதில்தான் வளைகுடா நாடுகளில் சம்பாதிக்கும் நம் குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. தானே தவறிக் கீழே விழுந்து இறக்கும் ஓட்டுநருக்கு மூன்றாம் நபர் காப்பு எதையும் தராது. அவருக்கென்று இருப்பது ‘உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு’. 2018 வரை இரு சக்கர வாகனத்துக்கு ஒரு லட்சமாக இருந்த இத்தொகை அவ்வாண்டில் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. இறந்தால் முழுத் தொகை. இரண்டு கண்களோ இரண்டு கை கால்களோ போனாலும் முழுத் தொகை. ஒன்று போனால் பாதி. மருத்துவமனைச் செலவுக்கு இதில் இடமில்லை. ஆனால் பெயரை மறுபடியும் படியுங்கள்: உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவராகவே இருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருக்க வேண்டும். கையில் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? காக்கா சவூதியிலிருந்து விடுமுறைக்கு வருகிறார். தம் பெயரில் ஒரு பைக் வாங்குகிறார். நாற்பது நாள் ஓட்டிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்த வண்டியை ஓட்டுவது தம்பி. காப்பு யார் பெயரில்? ரியாத்தில் இருப்பவர் பெயரில். அப்படி ஒரு தம்பி, மழையில் சறுக்கி விழுந்து வஃபாத்தானவர், அவருடைய கோப்பை நான் கையால் தொட்டிருக்கிறேன். மணமாகி பதினான்கு மாதங்கள். பதினைந்து லட்சம் கிடைக்கும் என்று யாரோ சொல்லி அந்தத் தாயார் வந்தார். பாலிசியைப் பிரித்துப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அலுவலகமே வாயடைத்து நின்றது. இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். உரிமையாளர் தம்மிடமே இழப்பீடு கேட்க முடியாதது போல அவரும் கேட்க முடியாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2009 இல் ஒரு கர்நாடக வழக்கில் சொல்லியிருக்கிறது. அங்கும் இரவல் மோட்டார் சைக்கிள்தான். முன்னே சென்ற மாட்டு வண்டியின் மீது மோதிய விபத்து.

இதற்கு வழி உண்டு. வண்டியை நிரந்தரமாக ஓட்டப்போகிறவர் பெயரிலேயே வாங்கலாம். வாங்கியதை மாற்றியும் கொள்ளலாம். அல்லது ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் வண்டியைச் சாராத தனி விபத்துப் பாலிசி எடுக்கலாம். 2019 முதல் வேறிடத்தில் 15 லட்சத்துக்கு அப்படிப்பட்ட காப்பு வைத்திருப்பவர் வண்டிப் பாலிசியில் அதை மறுபடியும் வாங்க வேண்டியதில்லை. அண்ணன் தம்பிக்கிடையே “என் பெயரில் இருக்கட்டும், உன் பெயரில் இருக்கட்டும்” என்ற கூச்சம் இருப்பதை அறிவேன். அந்தக் கூச்சத்தை ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய வண்டி வாங்கியவர்களிடம் இன்னொரு மயக்கம் இருக்கிறது. “எங்களுக்கு ஐந்து ஆண்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது” என்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பு கட்டாயமாயிற்று. ஐந்தாண்டு என்பது அந்தப் பகுதிக்கு மட்டுமே. சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடுகிறது. பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு முடிவுத் தேதிகள் தனித்தனியாக அச்சிட்டிருக்கும். நம் கண் பெரிய தேதியில் மட்டும் நிற்கும். இரண்டாம் ஆண்டில் வண்டி திருடுபோன பிறகுதான் சிறிய தேதி கண்ணில் படுகிறது. சொந்தச் சேதத்தை மட்டும் தனியாகப் புதுப்பிக்கும் வசதி 2019 முதல் இருக்கிறது. அப்படிப் புதுப்பிக்காமல் விட்ட காலத்தில் பின்னிருக்கைப் பயணிக்குப் பொறுப்பு தொடர்கிறதா என்பதை வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொண்ணூறு நாட்களுக்கு மேல் தாமதித்தால் சேர்த்து வைத்த தள்ளுபடியும் போய்விடும்.

வண்டிக்கும் காப்பு வேண்டும் என்பதை 2023 டிசம்பர் நமக்குக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம், புயல், தீ, திருட்டு, கலவரம் ஆகியவை எல்லாம் சொந்தச் சேதப் பகுதியில்தான் வருகின்றன. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இவற்றில் எதற்கும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் பேக்கேஜ் வைத்திருந்தும் இழக்கிறவர்கள் உண்டு. தண்ணீர் வடிந்ததும் “ஓடுகிறதா பார்ப்போம்” என்று ஸ்டார்ட்டரை அழுத்துகிறோம். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து எஞ்சின் முடிந்துபோகும். இது வெள்ளத்தால் வந்த சேதமன்று, பின்னர் நீங்கள் இயக்கியதால் வந்த சேதம் என்று நிறுவனம் சொல்லிவிடும். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனிச் சேர்ப்பு எடுத்திருந்தால்தான் அதற்கு வழியுண்டு. நனைந்த வண்டியை அப்படியே புகைப்படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, உருட்டிக்கொண்டே மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.

சிறு விபத்தில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்வதே வழக்கம். ஸ்கூட்டர்களின் உடம்பெல்லாம் பிளாஸ்டிக் ஆதலால் இது பெருந்தொகையாகும். அப்படிக் கழிக்காதிருக்க ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ என்ற சேர்ப்பு இருக்கிறது. வண்டி வாங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அதை எடுப்பது நல்லது. பழைய பைக்குக்கு அது வீண் செலவு என்பதே என் கருத்து. திருட்டு க்ளெய்முக்கு இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்றைத் தொலைத்தவர் தொலைத்த அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைக்கட்டும்.

உபயோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியார் வண்டிப் பாலிசி, கூலிக்கு ஓட்டுவதையும், மாதிரிப் பொருள்களும் சொந்த மூட்டைகளும் தவிரச் சரக்கு ஏற்றுவதையும் விலக்கிவிடுகிறது. படிப்பு முடித்த பிள்ளை மாலை நேரத்தில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சென்றாலும், லுங்கிக் கட்டு ஏற்றிச் சென்றாலும், விபத்து நடந்தால் இந்த வாசகத்தை எடுத்துக்காட்டுவார்கள். தொழிலுக்கு ஓட்டுவதை முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற பாலிசியைக் கேட்டு வாங்குவதுதான் சரி. பதினைந்து வயதுப் பையனிடம் “இக்ரா பள்ளிவாசல் வரைக்கும்தானே, போய்விட்டு வா” என்று சாவியைக் கொடுப்பவர்களுக்கோ எந்தப் பாலிசியும் துணை வராது. அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடமிருந்து அதை வசூலிக்க வழியிருக்கிறது. 2019 திருத்தமோ சிறுவனின் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி. மாறினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். வண்டி கைமாறியதும் மூன்றாம் நபர் காப்பு புதியவருக்கு மாறிவிட்டதாகவே சட்டம் கொள்ளும். சொந்தச் சேதப் பகுதி அப்படித் தானாக மாறாது. 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதித் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரோ தம் தள்ளுபடியைப் புதிய வண்டிக்கு எடுத்துச் செல்லலாம். அது வண்டியோடு போவதன்று, ஆளோடு போவது.

இறுதியாகச் சகோதரிகளிடம் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் பாலிசி எங்கே இருக்கிறது என்பது ஆண்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களில் பலர் அதை வண்டியின் இருக்கைக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்கள், வண்டி திருடுபோனால் அதுவும் சேர்ந்து போகும்படியாக! அதை வாங்கி ஒரு நகல் எடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் வையுங்கள். வைக்கும் முன் நாமினி என்ற இடத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்ததைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால், காலமாகிப் பல ஆண்டுகளான ஒரு வாப்பாவின் பெயர் இன்னும் அங்கே இருக்கக்கூடும். சில பாலிசிகளில் அந்த இடமே வெறுமையாக இருக்கிறது. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் நிறுவனம் அதைத் திருத்திக் கொடுக்கும்.